மடிக்கணினிக்கும் விதைநெல் வேண்டும்

நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் உழவர் களத்து நெல் முழுவதையும் விற்றுவிடுவதில்லை. அடுத்த விதைப்புக்கென்று ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைக்கிறார். புதிதாக வாங்கிய மடிக்கணினிக்கும் இத்தகைய விதைநெல் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் அமைந்துள்ள இயக்க முறைமையும் அதைச் சார்ந்த துணை நிரல்களுமே அது. அதை எவ்வாறு காப்பது, தேவைப்படும்போது எவ்வாறு மீட்பது என்பதை இங்கே காண்போம்.

மறைந்திருக்கும் பகுதிகள்

முன்பெல்லாம் கணினியுடன் இயக்க முறைமை அடங்கிய குறுந்தகடும் கிடைக்கும். இன்று பெரும்பாலும் அது தரப்படுவதில்லை. கணினியின் வட்டே பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது ‘சி’ என்னும் பெரிய பகுதி. கணினியைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதியும், பழுது நேர்ந்தால் உதவும் மீட்புப் பகுதியும் மறைவாக உள்ளன.

விண்டோஸ் 7, 8 காலத்தில் பல நிறுவனங்கள் தொழிற்சாலை அமைப்பு முழுவதையும் இம்மறைவுப் பகுதியில் வைத்து அனுப்பின. 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் இம்முறை மாறியது. ‘சி’ பகுதியில் உள்ள கோப்புகளைக் கொண்டே விண்டோஸ் தன்னைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது. அக்கோப்புகளே கெட்டுவிட்டால்? அதற்காகவே, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதி 2020-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு நான்கு ஜிகாபைட்டுக்கு மேல் தரவு செலவாகும்.

உள்ளே இருப்பது போதுமா?

கணினிக்கு நேரும் கேடுகள் இருவகை. நச்சுநிரல், பாதியில் நின்ற புதுப்பிப்பு போன்றவை முதல்வகை. இவற்றுக்கு உள்ளே இருக்கும் மீட்புப் பகுதி பெரும்பாலும் போதும். வட்டே பழுதாவது இரண்டாம் வகை. இன்றைய திண்மநிலை வட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் சில்லு செயலிழந்தால் எல்லாப் பகுதிகளும் ஒரே நொடியில் எட்டாமல் போகலாம். விதைநெல்லும் உணவு நெல்லும் ஒரே குதிரில் இருந்து, அந்தக் குதிரே தீப்பற்றியது போன்ற நிலை அது. ஆகவே ஒரு நகல் கணினிக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

கோப்புகளை நகலெடுத்தால் ஆகாதா?

‘சி’ பகுதியில் உள்ளவற்றை அப்படியே வேறு வட்டுக்கு மாற்றி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கணினியை இயக்கியவுடன் அதன் அடிப்படை நிரல், மறைவான தொடக்கப் பகுதியைத் தேடிச் சென்று அங்குள்ள சிறு நிரலைப் படிக்கிறது. அந்த நிரல், விண்டோஸ் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை அப்பகுதிக்குரிய தனி அடையாள எண்ணைக் கொண்டு கண்டறிகிறது. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் இந்தத் தொடர்பு வருவதில்லை. மேலும், விண்டோஸ் இயங்கும்போது பயன்பாட்டில் இருக்கும் கோப்புகள் சிலவற்றை நகலெடுக்கவும் இயலாது.

இதற்கு வழி, வட்டின் ‘படிமம்’ எடுப்பது. படிமம் எடுக்கும் நிரல், வட்டின் பகுப்பு அட்டவணை, மறைவுப் பகுதிகள் ஆகியவற்றையும் சேர்த்தே பதிகிறது. தரவு இருக்கும் இடங்களை மட்டும் படித்து, வெற்றிடங்களை விட்டுவிடுகிறது. 512 ஜிகாபைட் வட்டில் 40 ஜிகாபைட் மட்டுமே நிரம்பியிருந்தால், படிமம் ஏறத்தாழ அந்த 40-க்குள் அடங்கிவிடும். புதுக் கணினியில் சொந்தக் கோப்புகள் சேருமுன்பே படிமம் எடுப்பது இதனால்தான் நல்லது. தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச நிரல் இதற்கு உதவும். பென் டிரைவிலிருந்தே அது இயங்குவதால் விண்டோஸ் அப்போது உறங்கிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மீட்பு பென் டிரைவ். குறைந்தது 16 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவைச் செருகி, விண்டோஸின் தேடல் கட்டத்தில் ‘ரிகவரி டிரைவ்’ என்று தட்டினால் அதற்குரிய நிரல் கிடைக்கும். முறைமைக் கோப்புகளையும் சேர்க்கும் கட்டத்தில் குறியிட மறக்கக்கூடாது. குறியிடாவிட்டால் அந்த பென் டிரைவால் பழுதுபார்க்க முயலலாமே தவிர, விண்டோஸை மீண்டும் நிறுவ முடியாது. அதில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துபோகும் என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாவது, தனி வட்டில் முழுப் படிமம்.

மூன்றாவது, பாடக் குறிப்புகள், படங்கள் போன்ற சொந்தக் கோப்புகளின் நகல். மீட்பு பென் டிரைவ் இவற்றைக் காப்பதில்லை. தொழிற்சாலை அமைப்பை மறுபடி பெறலாம். நாம் எழுதிய ஆய்வேட்டை எந்தத் தொழிற்சாலையும் திருப்பித் தராது.

நான்காவது, ஓர் எண். புதிய கணினிகள் பலவற்றில் வட்டு மறைக்குறியீடு செய்யப்பட்டிருக்கிறது. சில வேளைகளில் அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட திறவுகோல் கேட்கப்படும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மீட்கும்போது

கணினி இன்னும் இயங்கினால் முதலில் சொந்தக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு மின்னிணைப்பைக் கொடுத்துவிட்டே மீட்பைத் தொடங்குங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் துன்பம் இரட்டிப்பாகும். ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’, ‘அனைத்தையும் நீக்கு’ என்னும் பொருளில் இரு வழிகள் திரையில் தோன்றும். முதலாவதைத் தேர்ந்தாலும் நீங்கள் நிறுவிய நிரல்கள் நீங்கிவிடும். படிமத்திலிருந்து மீட்டால் வட்டில் இருப்பவை அனைத்தும் அழிந்து, படிமம் எடுத்த நாளின் நிலை திரும்பும்.

விதைக்கும் முன் சிறிது நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? அதுபோல மீட்பு பென் டிரைவைச் செருகிக் கணினி அதிலிருந்து தொடங்குகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். பென் டிரைவில் தரவு நுண்ணிய மின்னூட்டமாகவே தங்குகிறது. பல ஆண்டுகள் கிடப்பில் போட்டால் அது மெல்லக் கசியும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகத் தயாரித்து, கணினியோடு ஒரே பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.