எழுத்தும் ஒலியும்

கடக்வாஸ்லாவில் வாழும் நம் குழந்தைகள் மராத்தியும் கற்கின்றனர். மராத்தியில் ககர ஒலிவேறுபாடுகளுக்கு நான்கு எழுத்துகள், தமிழிலோ ஒன்றே. ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ‘க’ உண்டு, ஒலி வேறு. பிஞ்சு உள்ளம் மயங்குவது இயல்பே.

இதற்கு வழி திண்ணைப் பள்ளியிலேயே இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியவாறே ஒலியை உரக்கச் சொல்லினர். மணலெழுத்து முறையைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், தம் அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 1939இல் அடையாறு வந்த மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும் விரல் உப்புத்தாள் எழுத்தைத் தடவ, வாய் ஒலிக்கும்.

நாமும் தட்டில் அரிசி பரப்புவோம். ‘ட’, ‘ப’, ‘ம’ எனும் எளிய வடிவங்களில் தொடங்கி, ‘படம்’, ‘மடம்’ என்று ஒலித்தெழுதச் செய்வோம். பின்னர்க் ‘கடல்’, ‘தங்கம்’ எழுதுகையில், இடத்திற்கேற்ப ஒலி மாறுவதைச் செவியே உணரும். பென்சில் பிறகு வரட்டும். ஊரிலுள்ள பாட்டியின் கடிதத்தைப் பேரப்பிள்ளை தானே படிக்க வேண்டுமன்றோ?