கிராக் எதற்கு, அசலே இலவசமாக இருக்கும்போது?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் குறும்படம் எடிட் செய்கிறவருக்கும், கல்யாண வீடியோ முடித்துக் கொடுப்பவருக்கும் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடந்து போகும் தூரம்தான். ராமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் பேரம் பேசியாவது காசு கொடுக்கிறோம். சாஃப்ட்வேர் என்றதும் மட்டும், உரிமப் பூட்டை உடைத்த கள்ளப் பிரதியான ‘கிராக்’கைப் பலரும் தேடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கள்ளப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, ரூ.50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம். காசு வாங்கி எடிட் செய்பவர் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஆபத்து எங்கே?

“ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்” என்று கிராக்கோடு ஒரு குறிப்பு வரும். திருடனே கதவைத் திறந்து வைக்கச் சொல்வது இது. உள்ளே வரும் வைரஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் லாகின் குக்கியையும் அள்ளிக்கொள்ளும். குக்கி போனால் ஓடிபி இல்லாமலேயே யூடியூப் சேனல் கைமாறிவிடலாம்.

போலி இணையதளங்களும் உண்டு. இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில், அதே பெயரில் ஒரு போலி இணையதளம் தந்த மென்பொருள் 29.95 டாலர் கேட்டு ஏமாற்றியதை, ஆன்டிவைரஸ் நிறுவனமான இசெட் அம்பலப்படுத்தியது.

மாற்று என்ன?

கேடென்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் மூன்றும் திறமூல வீடியோ எடிட்டிங் மென்பொருட்கள். வாட்டர்மார்க் விழாது, தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. விண்டோஸ் 11 என்றால் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. எதுவானாலும் தயாரித்தவரின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள்.

ஏற்கெனவே கிராக் போட்டிருந்தால்?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கணக்குகளின் லாகின்களையும் துண்டித்து, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வீடியோக்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள்.

அசல் என்று காசு வாங்கிக் கடைக்காரர் கள்ளப் பிரதியைப் போட்டுக் கொடுத்திருந்தால், பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். ஆகவே கணினி வாங்கும்போதே, போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.