விகடக் கூத்தும் வழிபாடே

கொட்டிவாக்கத்தில் வசிக்கும் ஒரு முதிய தம்பதியர் தடுமாற்றத்துக்குப் பெயர் பெற்றவர்கள். பந்தியில் பரிமாற வந்தால் அம்மையார் ஒரு டம்ளரையேனும் தட்டிவிடுவார். கணவரோ, கோயிலில் பிரதட்சிணம் வரும்போது தம் வேட்டியைத் தாமே மிதித்துத் தடுமாறுவார். அத்தகைய இருவரும் இப்போது சேர்ந்து நடனம் கற்கலாமா என்று யோசித்து வருகின்றனர்.

அண்டை வீட்டில் நடந்த திவ்யநாம பஜனையே இதற்குக் காரணம். குத்துவிளக்கை நடுவில் வைத்து, பாகவதர்கள் பாடிக்கொண்டே வலம் வந்து ஆடினர். கும்மியும் கோலாட்டமும் தொடர்ந்தன. இவர்கள் இருவரும் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து தாளம் மட்டும் போட்டனர். வீடு திரும்பும் வழியில், சிறு வயதில் தமக்கு நாட்டியம் கற்கும் ஆசை இருந்ததை அம்மையார் சொன்னார். “கைகால் நிதானமில்லாத பெண்ணுக்கு நாட்டியம் எதற்கு?” என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்களாம். மணமாகி நாற்பது ஆண்டுகளாகியும் கணவருக்கு இது தெரியாது. ஒருமுறையேனும் கேட்கத் தோன்றியதும் இல்லை. அன்றிரவு அவருக்கு உறக்கம் கொள்ளவில்லை. மறுநாள் காலை, “இருவருமே சேர்ந்து கற்றுக்கொண்டால் என்ன?” என்று கேட்டார். “இந்த வயதிலா? ஊர் சிரிக்குமே!” என்றார் அம்மையார்.

ஊர் சிரிக்குமே என்னும் இந்த அச்சம் பல வீடுகளில் உண்டு. ஆனால், நம் வழிபாட்டு முறை நடனத்தை எங்கே வைத்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விரிவான பூஜையில் தீபாராதனைக்குப் பின் குடை, சாமரம், கீதம், வாத்தியம் ஆகியவற்றோடு நிருத்யமும் இறைவனுக்குரிய உபசாரமாகச் சொல்லப்படுகிறது. ஆடத் தெரியாத நாம், அந்த இடத்தில் அட்சதையைச் சமர்ப்பித்துக் குறையை நிறைவு செய்துகொள்கிறோம். வாழ்நாள் முழுவதும் அட்சதையாகவே அளித்து வந்த ஓர் உபசாரத்தை, ஒரு நாளேனும் உடம்பால் அளிக்க விரும்புவது எவ்வகையிலும் தவறாகாது.

அழகாக ஆடினால்தான் இறைவன் ஏற்பான் என்பதும் இல்லை. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் விகடசக்கர விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். கந்தபுராணத்தின் காப்புச் செய்யுள் போற்றுவது இவரையே. தட்சனின் வேள்வியில் திருமால் வீசிய சக்கரத்தை, வீரபத்திரரின் மாலையிலிருந்த வெண்தலை ஒன்று விழுங்கிவிட்டது. அதை மீட்கச் சென்ற விஷ்வக்சேனர், கைகால்களையும் முகத்தையும் கோணலாக்கி விகடக் கூத்து ஆடினார். அதைக் கண்டு வெண்தலை வாய்விட்டுச் சிரிக்கவே, சக்கரம் கீழே விழுந்தது. விழுந்ததை எடுத்துக்கொண்ட பிள்ளையாரோ, அக்கூத்தை மீண்டும் ஆடச் சொல்லி, கண்டு மகிழ்ந்த பிறகே சக்கரத்தைக் கொடுத்தார். பிள்ளையார் விரும்பிக் கேட்டது இலக்கணம் பிறழாத நாட்டியத்தை அன்று, கோணல் கூத்தைத்தான்.

வயதைக் குறித்த தயக்கத்துக்கு, கொட்டிவாக்கத்தை அடுத்த திருவான்மியூரிலேயே விடை இருக்கிறது. மருந்தீசுவரர் அருள்பாலிக்கும் அவ்வூரில்தான் கலாக்ஷேத்ராவும் இருக்கிறது. அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், சிறுமிகள் பயிலத் தொடங்கும் பருவத்தில் பரதத்தைத் தொடங்கியவர் அல்லர். மணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடையேறியபோது அவருக்கு வயது 31.

அக்கலாக்ஷேத்ராவில் பயின்ற வி.பி.தனஞ்செயனும் சாந்தாவும் 1966இல் மணம் புரிந்து, 1968இல் அடையாற்றில் பரத கலாஞ்சலியைத் தொடங்கினர். 2009இல் இருவருக்கும் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2017இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில், சுற்றுலா செல்லும் முதிய தம்பதியராக அவர்கள் தோன்றினர். நாட்டிய அரங்குக்குச் சென்றறியாத வீடுகளிலும் அவர்களைக் கண்டு மகிழ்ந்தனர். இளமை முதல் பயின்ற மேதைகளோடு நம்மை ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும், கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடுவது நகைப்புக்குரியதன்று என்பதற்கு அவர்களின் வாழ்வே சான்று.

உடம்பின் எல்லையை மட்டும் மறக்கலாகாது. பரதத்தின் அடிப்படையான அரைமண்டியில் முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கி நிற்க வேண்டும். உடலின் பாரம் முழங்கால்களில் இறங்கும். ஆகவே மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குதல் நலம். தட்டடவை விளம்ப காலத்தில் மட்டும் செய்தால் போதும். அதுவும் இயலாதவர்கள், அபிநய தர்ப்பணம் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளை நாற்காலியில் அமர்ந்தபடியே பயிலலாம். கும்மியும் கோலாட்டமும் இன்னும் எளியவை. வழுக்காத தரையும் பொறுமையுள்ள ஆசிரியரும் இன்றியமையாத தேவைகள்.

கொட்டிவாக்கத்துத் தம்பதியர் இன்னும் எந்த ஆசிரியரையும் அணுகவில்லை. விஜயதசமி வரட்டும் என்று அம்மையார் நாள் தள்ளுகிறார். ஆனால், வெள்ளிக்கிழமை பூஜையில் நிருத்யம் என்னும் இடம் வரும்போது, அட்சதையைச் சமர்ப்பித்துவிட்டு இருவரும் எழுந்து, கைதட்டியபடி விளக்கை ஒரு முறை வலம் வருகின்றனர். கணவரின் கால் இன்னமும் வேட்டியில் சிக்குகிறது. அம்மையார் அடக்க முடியாமல் சிரிக்கிறார். கணவரும் உடன் சிரிக்கிறார். கோணல் கூத்துக்கு மகிழ்ந்து சக்கரத்தையே தந்த பிள்ளையார், இதையும் ஏற்றுக்கொள்ளாமலா இருப்பார்?