சென்னையில் தயாராகும் பி.எம்.டபிள்யூ... ஏன் முன்சக்கரத்துக்கு மாறியது? 40 லட்சம் போடும் முன் தெரிஞ்சுக்கோங்க!

பி.எம்.டபிள்யூ என்றாலே பின்சக்கரம்தான் காரை ஓட்டும் என்பது பல வருஷமாக ரசிகர்கள் சொல்லும் பெருமை. ஆனால், அந்தக் கம்பெனியின் சின்ன செடானான ‘2 சீரிஸ் கிரான் கூபே’ இந்தியாவில் முன்சக்கரத்தில்தான் ஓடுகிறது. அதுவும் இது எங்கேயோ ஜெர்மனியில் இருந்து இறங்கும் கார் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் மறைமலை நகர் அருகே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டி பக்கம் 2007-ல் தொடங்கப்பட்ட தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டி வெளியே வரும் கார்.

மெர்சிடிஸ்-பென்ஸ், ஆடி கம்பெனிகளின் சின்ன செடான்களும் இதே கதைதான். கேள்வி சிம்பிள்: மாருதி 800-ல் இருந்த அதே அமைப்புக்கு ஏன் இத்தனை லட்சம்? இதில் வாங்குபவருக்கு லாபமா, நஷ்டமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முன்சக்கரம், பின்சக்கரம்... என்ன வித்தியாசம்?

இன்ஜினில் பிறக்கும் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதுதான் விஷயம். மாட்டு வண்டியில் மாடு முன்னால் நின்று இழுக்கிறது. முன்சக்கர கார் அப்படித்தான், முன்னால் இருந்து இழுக்கும். பின்சக்கர கார் பின்னால் இருந்து தள்ளும்.

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் தேங்காய் லோடு ஏற்றும் டாடா ஏஸைக் கவனித்திருப்பீர்கள். அது பின்சக்கர வண்டி. சரக்கின் எடை பின்னால் உட்காருவதால், அந்தச் சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். வயலில் ஓடும் டிராக்டரின் பெரிய சக்கரம் பின்னால் இருப்பதற்கும் இதேதான் காரணம்.

ஆனால், நாலு பேர் போகும் சின்ன காரில் கனமான பொருள் இன்ஜின். அது முன்னால் இருக்கிறது. அந்த எடை முன்சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிப்பதால், சாதாரண ஓட்டத்துக்கு முன்சக்கரமே போதும்.

இந்தியா எப்போதோ மாறிவிட்டது

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி இரண்டுமே பின்சக்கர கார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கர கார். அதன் பிறகு நம் ஊரில் விற்ற பெரும்பாலான சின்ன கார்கள் அந்த வழியிலேயே வந்தன.

இந்த யோசனையின் வேர் 1959-ல் பிரிட்டனில் வந்த மினி கார். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இன்ஜினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்குவாக்கில் வைத்தார். பானட் சுருங்கியது, உள்ளே உட்கார இடம் கூடியது. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுவதால், பின்சக்கரம் வரை காருக்கு அடியில் ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் தேவையில்லை.

சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த மினி பிராண்ட் இப்போது பி.எம்.டபிள்யூ கையில். 1994-ல் ரோவர் குழுமத்தை வாங்கியபோது மினியும் கூடவே வந்தது. 2001-ல் புது மினியைக் கொண்டுவந்த பி.எம்.டபிள்யூ, பிறகு மினிக்கும் தன் சின்ன கார்களுக்கும் ஒரே அடித்தளத்தைப் போட்டது. 2014-ல் வந்த ‘2 சீரிஸ் ஆக்டிவ் டூரர்’தான் பி.எம்.டபிள்யூ பெயரில் வந்த முதல் முன்சக்கர கார். அடுத்த வருஷம் எக்ஸ்1, 2019-ல் 1 சீரிஸ் என வரிசையாக மாறின.

ஏன் மாறினார்கள்?

முதல் காரணம், காசு. மினிக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் ஒரே அடித்தளம், ஒரே இன்ஜின் குடும்பம் என்றால், வடிவமைப்புச் செலவு பல லட்சம் கார்களில் பிரிந்துவிடும்.

இரண்டாவது, இடம். நீளம் குறைந்த காரில் இன்ஜினை நீளவாக்கில் வைத்தால் பின்சீட்டில் முழங்கால் இடிக்கும். குறுக்குவாக்கில் வைத்தால் அந்த இடம் பயணிகளுக்கும் டிக்கிக்கும் கிடைக்கும். ஆனால், பின்சீட்டின் நடுவில் காலுக்கு இடையே இருக்கும் மேடு முழுசாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இதே காரின் நாலு சக்கர டிரைவ் வகைக்காகவும் புகைக்குழாய்க்காகவும் அது பல மாடல்களில் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் காமெடி. 1 சீரிஸ் பின்சக்கர காராக இருந்த காலத்தில், அதை வைத்திருந்தவர்களில் 80 சதவீதம் பேர் அது முன்சக்கர கார் என்றே நினைத்திருந்ததாக, அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி நார்பர்ட் ரைட்ஹோஃபர் 2010-ல் சொன்னார். வாங்கியவருக்கே தெரியாத ஒன்றுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கம்பெனி யோசித்ததில் ஆச்சரியம் இல்லை.

மெர்சிடிஸ் இந்தப் பக்கம் வந்தது 1997-ல், ஏ-கிளாஸ் மூலம். ஆடிக்கு இது புதுசே இல்லை. அதன் நாலு வளையத்தில் ஒன்றான டி.கே.டபிள்யூ 1931-லேயே முன்சக்கர கார் விற்ற கம்பெனி.

இந்தியாவில் வந்தவை எவை?

2014-ல் ஆடி ஏ3 செடான், 2015 தொடக்கத்தில் மெர்சிடிஸ் சி.எல்.ஏ. 2020 அக்டோபரில் 2 சீரிஸ் கிரான் கூபே, 39.3 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் தொடங்கியது. 2021 மார்ச்சில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் லிமோசின், 39.9 லட்சத்தில் தொடங்கியது. 2025 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை கிரான் கூபேயின் தொடக்க விலை அப்போது 46.9 லட்சமாக இருந்தது. அதில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

இன்னொரு தகவல். ஏ-கிளாஸ் லிமோசினின் 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், ரெனோ-நிசான் கூட்டணியும் டைம்லரும் சேர்ந்து உருவாக்கியது. அதே குடும்பத்து இன்ஜின்தான் 2020-ல் வந்த ரெனோ டஸ்டர் டர்போவிலும் இருந்தது. அந்த டஸ்டர் சென்னை ஒரகடத்தில் தயாரானது. இன்ஜினின் டியூனிங், கியர்பாக்ஸ், சத்தத் தடுப்பு எல்லாம் வேறு வேறு என்பதால் ஓட்டும் அனுபவம் ஒன்றாக இருக்காது. ஆனால், அடிப்படைப் பொருள் நீங்கள் நினைக்கும் அளவுக்கு ‘எக்ஸ்க்ளூசிவ்’ இல்லை.

நம்ம ரோட்டில் எது பெஸ்ட்?

2025 ஜூனில் கூமாப்பட்டி ரீல்ஸ் வைரலான பிறகு, பிளவக்கல் அணை பக்கம் வெளியூர் கார்கள் படையெடுத்தன. அந்த மாதிரி ட்ரிப்பை வைத்தே பார்க்கலாம்.

மதுரை-ராஜபாளையம் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில் வரை வருகிறீர்கள். நேர் ரோடு, சீரான வேகம். இங்கே முன்சக்கரமா, பின்சக்கரமா என்று பெரும்பாலானவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகும்போது மழை பெய்தாலும், முன்சக்கர கார் பதற்றமில்லாமல் போகும். வழுக்கும் ரோட்டில் புது டிரைவருக்கு இதுதான் கையாள எளிது.

வித்தியாசம் தெரிவது மலை ஏறும்போது. ஏற்றத்தில் காரின் எடை பின்னால் சாயும். முன்சக்கரத்தின் பிடி குறையும். கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், உள்பக்கச் சக்கரம் சுழலலாம், கார் வளைவுக்கு வெளியே இழுக்கலாம். திருப்புவது, இழுப்பது என இரண்டு வேலையையும் ஒரே சக்கரம் பார்ப்பதுதான் காரணம். டிராக்‌ஷன் கண்ட்ரோல் இதைச் சமாளிக்கும். ஆனால், பின்சக்கர 3 சீரிஸ் கொடுக்கும் அந்த ஸ்டியரிங் சுகம் இதில் வராது.

அதனால்தான் சக்தி அதிகமான வகைகளில் கம்பெனிகளே முன்சக்கரத்தை மட்டும் நம்புவதில்லை. மெர்சிடிஸ் ஏ35 ஏ.எம்.ஜி. நாலு சக்கர டிரைவுடன்தான் வருகிறது.

பட்ஜெட் கணக்கு

40 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 64,000 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தனி. ஐ.டி. சம்பளத்தில் பெரிய பங்கு இதற்கே போகும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவர் என்றால், சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? மூன்று விஷயம் செக் பண்ணுங்க.

* முன் டயர்கள். முன்சக்கர காரில் இவைதான் சீக்கிரம் தேயும். முன்னால் புது டயர், பின்னால் பழைய டயர் என்றால் காரணம் கேளுங்கள்.
* ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். ‘கட கட’ என்று சத்தம் வந்தால் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.
* காருக்கு அடியில் அடிபட்ட தடம். இந்த செடான்களின் உயரம் குறைவு, நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரின் உயரம் அதிகம்.

எலெக்ட்ரிக் வந்தா மறுபடி பின்சக்கரமா?

ஓரளவு ஆமாம். எலெக்ட்ரிக் காரில் பெரிய இன்ஜின் இல்லை, மோட்டாரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். முன்சக்கரத்துக்கு மாறச் சொன்ன இடப் பிரச்னையே அங்கே குறைந்துவிடுகிறது. 2025-ல் அறிமுகமான எலெக்ட்ரிக் சி.எல்.ஏ-வின் ஒற்றை மோட்டார் வகையில் மோட்டார் பின்னால் இருக்கிறது. வோல்வோவும் 2023-ல் தன் ஒற்றை மோட்டார் எக்ஸ்.சி.40-ஐ முன்சக்கரத்தில் இருந்து பின்சக்கரத்துக்கு மாற்றியது. மஹிந்திராவின் பி.இ. 6-ம் பின்சக்கர கார்தான். அதே நேரம், பி.எம்.டபிள்யூ சென்னையில் தயாரிக்கும் நீளமான ஐ.எக்ஸ்1 எலெக்ட்ரிக் காரில் மோட்டார் முன்னால்தான். பெட்ரோல் காருக்கும் பொதுவான அடித்தளம் என்பதால் அப்படி.

ஆக, நெடுஞ்சாலை, குடும்பம், பின்சீட் இடம் இவைதான் உங்கள் தேவை என்றால் முன்சக்கரம் ஒரு குறையே இல்லை. ஓட்டும் சுகத்துக்காகவே இவ்வளவு பணம் போடுகிறீர்கள் என்றால், புது 2 சீரிஸ் விலைக்குள் நல்ல நிலையில் உள்ள பழைய 3 சீரிஸ் கிடைக்குமா என்று பாருங்கள். எதுவானாலும் ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு மேம்பால ஏற்றம், ஒரு கூர்மையான வளைவு, ஒரு மோசமான ரோடு என மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.