இரண்டாம் பந்திக்கு வரும் வண்டு

சிறுசேரி சிப்காட் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். புதர்க்காட்டு ஓரத்தில் செத்துக் கிடக்கும் பெருச்சாளி. அதன்மேல் தட்டையான ஒரு கருவண்டு; தலைக்குப் பின்னால் முதுகுப் பட்டை மட்டும் செம்மஞ்சள். கைபேசிச் செயலி அதை ‘அமெரிக்கப் பிணவண்டு’ என்று அடித்துச் சொன்னதாம். அங்கிருந்து வரும் படங்களையே தின்று வளர்ந்த செயலி வேறென்ன சொல்லும்? அமெரிக்க வண்டின் முன்முதுகு வெளிர்மஞ்சள், நடுவே கரிய திட்டு. இதில் திட்டே இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நெக்ரோஃபிலா ரூஃபிதோராக்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒற்றைப் படத்தை வைத்து அதற்குமேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த முறை படமெடுப்பவர்கள் நிறத்தை விட்டுவிட்டு இரண்டு இடங்களைப் பாருங்கள். மேலிறகுகளில் நீளவாக்கில் ஓடும் வரம்புகள், பக்கத்துக்கு மூன்று. அப்புறம் உணர்கொம்பின் தடித்த நுனி. சடலம் எத்தனை நாள் பழசு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்று கேட்பவர்களுக்காக: ரூஃபிதோராக்ஸை 1823இல் விவரித்தவர் ஜெர்மானியரான வீடமன். பிரான்ஸின் பூச்சி ஆய்வாளர் ஃபாபர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த புதைவண்டு இதன் உறவுதான். ஆனால் எலியை மண்ணுக்குள் இறக்கும் அந்த வித்தையை நம்மூர்ச் சமவெளியில் தேட வேண்டாம். சில்ஃபிடே என்று தனிக்குடும்பமாக இருந்த இவற்றை 2024இல் ஸ்டாஃபிலினிடே என்ற பெருங்குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய கையேடு வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். வரலாறு போதும்.

எனக்குப் பிடித்தது அந்தத் தடித்த நுனிதான். வண்டின் மூக்கு அது. உடல் அழுகும்போது பாக்டீரியாக்கள் புரதத்திலுள்ள மெத்தியோனைனை உடைக்கின்றன. அதிலிருந்து டைமெத்தில் டைசல்ஃபைடு, டிரைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் காற்றில் கிளம்புகின்றன. செத்த சுண்டெலியின் நாற்றத்தைப் பிரித்து, புதைவண்டின் உணர்கொம்பு எதற்குத் துள்ளுகிறது என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் சோதித்தார்கள். அது துள்ளியது இந்தக் கந்தகத்துக்குத்தான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாசனை தெருமுனையை எட்டும் முன்பே வந்து உட்காருபவை பச்சை ஈக்கள். உயிர் போன சில மணி நேரத்துக்குள் முட்டை வைத்துவிடும். முதல் பந்தி அவற்றுக்கு. கந்தக வாசம் ஏறிய பிறகு வருவது நம் வண்டு, இரண்டாம் பந்திக்கு. வந்து பார்த்தால் இலை முழுக்க முதல் பந்திக்காரர்கள் விட்டுப்போன பிள்ளைகள், அதாவது புழுக்கள். பிணவண்டுகள் சதையைத் தின்னும்; கூடவே அந்தப் பிள்ளைகளையும் தின்னும். உவமை இங்கே கொஞ்சம் விகாரமாகிறது, ஆனாலும் விடுவதாக இல்லை. வண்டின் உடலில் தொற்றிக்கொண்டு சிற்றுண்ணிகளும் வருவதுண்டு. பத்திரிகை வைக்காமலே வரும் இந்த உறவுகளில் சில ஈ முட்டைகளைக் காலி செய்யும். எல்லாம் காய்ந்தபின் பாத்திரம் வழிக்க வருபவை டெர்மெஸ்டெஸ் வண்டுகள். கோவளம் பக்கம் கருவாடு காயவைப்பவர்கள் அவற்றை நன்றாக அறிவார்கள். சடலத்தின் வயதைக் கேட்டது இதற்காகத்தான்: எந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தால் விருந்தாளி யாரென்று பாதி தெரிந்துவிடும்.

இதை வைத்து ‘கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் வண்டு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். பூச்சிகளைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் துறை உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் ஈப்புழுவின் வயதை நம்பியது. வெப்பம் மாறினால் கணக்கும் மாறும். வண்டு யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஏமாறுவதுதான் அதற்கு நன்றாக வரும். அடுப்பே மூட்டாமல் சாம்பார் வாசனையை மட்டும் தெருவில் விடுகிற ஆள் ஒருவர் நம் கொல்லையிலேயே இருக்கிறார்: சேனை. கிழங்குக்காகத் தோண்டாமல் விட்டால், இலை வருமுன் பூங்கொத்து வெளியே வரும். நடுத்தண்டு சூடேறி அதே கந்தகச் சேர்மங்களைப் பரப்பும். இதன் ராட்சத உறவான சுமத்ராவின் டைட்டன் பூவுக்கு வரும் பூச்சிகளில் டயாமெசஸ் ஆஸ்குலன்ஸ் என்ற பிணவண்டும் உண்டு. இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இனம் அது. இந்தப் பூங்கொத்துகளில் பெண்பூக்கள் முதலில் முதிர்கின்றன. மகரந்தம் உதிர்வது அதற்குப் பிறகுதான். ஆகவே சேர்க்கை நடக்க வேண்டுமானால், ஒரு செடியில் ஒன்றும் கிடைக்காமல் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு கிளம்பிய வண்டு, அப்போதுதான் மலர்ந்த இன்னொன்றிலும் போய் ஏமாந்தாக வேண்டும்.