62,000 ரூபாய் கேட்கிறார்கள்... அந்தப் பழைய பைக் அவ்வளவு பெறுமா?

'சிங்கிள் ஓனர், ஆபீஸ் போய் வந்த வண்டி, 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, 62,000 ஃபைனல்!' - செகண்ட் ஹேண்ட் பைக் தேடி அலைந்த எவருக்கும் இந்த வாசகம் மனப்பாடமாகியிருக்கும். நேரில் போனால், பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிற்கும் வண்டி. "தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார் விற்பவர். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

பழைய பைக் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் பொழுதுபோக்குக்காக வாங்குவதில்லை. வேலை கிடைத்துவிட்டது, நைட் ஷிஃப்ட் முடிந்து வர பஸ் இல்லை. டெலிவரி வேலையில் சேர வேண்டுமென்றால் சொந்த வண்டி இருக்க வேண்டும். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய், மாமாவிடம் கைமாற்று வாங்கிச் சேர்த்த 50,000 ரூபாய் அது. அதில் 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பத்தாயிரத்தை மீட்பதற்கே நான்கைந்து மாதங்கள் ஓடிவிடும்.

கேட்கும் விலை சரியா என்று பார்க்க மெக்கானிக் மட்டும் போதாது. ஒரு பேனாவும் பேப்பரும் வேண்டும்.

முதலில் புது வண்டியின் விலை

பழைய வண்டியின் விலையைப் பேசும் முன், அதே மாடல் புதிதாக இன்று என்ன விலை என்று பார்க்க வேண்டும். "நான் ஆன்ரோடு ஒரு லட்சத்துக்கு எடுத்தேன்" என்று விற்பவர் சொல்லும்போது, அந்த ஒரு லட்சத்தில் சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் அடக்கம். முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ் அந்த ஆண்டிலேயே கரைந்துபோன பணம். அதற்கும் சேர்த்து இன்று விலை கேட்பது நியாயமில்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. எக்ஸ் ஷோரூம் விலை 87,000 ரூபாயாக இருந்த வண்டிக்கு, வரிக் குறைப்பை மட்டும் கணக்கிட்டால் விலை சுமார் 80,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும். ஆனால், விற்பவர் மனதில் இருப்பது அவர் வாங்கிய நாளின் விலைதான்.

2021-ல் வாங்கிய ஒரு 125 சிசி பைக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதே மாடல் இன்று புதிதாக எக்ஸ் ஷோரூம் 80,000 ரூபாய் என்றால், தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரையிலான டூவீலருக்கு வாழ்நாள் வரி 10 சதவிகிதம், அதாவது 8,000 ரூபாய். இன்ஷூரன்ஸும் இதர கட்டணங்களும் சேர்ந்து ஆன்ரோடு ஏறத்தாழ 97,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. பாலிசியில் ஐ.டி.வி என்று இருக்கும் தொகை அது. இன்றைய எக்ஸ் ஷோரூம் விலையிலிருந்து, ஓர் ஆண்டு தாண்டிய வண்டிக்கு 20 சதவிகிதம், இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை 50 சதவிகிதம் என்று கழிப்பார்கள். நம் உதாரண வண்டிக்கு அது 40,000 ரூபாய். சந்தையில் அந்த விலைக்கு யாரும் தர மாட்டார்கள். நல்ல மைலேஜ், நல்ல பெயர் உள்ள மாடல்கள் இதைவிடக் கூடுதலாகவே விலைபோகும். ஆனாலும் பேச்சைத் தொடங்க இது ஓர் உறுதியான அடித்தளம்.

மேல் எல்லையைச் சந்தைதான் சொல்லும். அதே மாடல், அதே வருடம், அதே மாவட்டத்தில் ஐந்தாறு வண்டிகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் அடித்துவிட வேண்டும். அங்கே எழுதியிருப்பவை எல்லாம் கேட்கும் விலைகள்தாம், கைமாறிய விலைகள் அல்ல. பேரம் பேசக் குறையும் என்று தெரிந்தேதான் ஏற்றிச் சொல்கிறார்கள். நம் உதாரணத்தில் நல்ல நிலையில் உள்ள வண்டி 52,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி, எதிரில் நிற்கும் வண்டி அந்த 'நல்ல நிலை'யில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

பார்க்கப் போகும் முன் போனிலேயே சொல்லிவிட வேண்டும்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்கண்ணே." போனதும் முதல் வேலை, இன்ஜினைக் கையால் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, டைமிங் செயின் கரகரப்பது, சைலன்ஸரில் நீலப் புகை வருவது எல்லாம் அப்போதுதான் தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை இது. ஆயிரம் ரெண்டாயிரம் குறைக்கச் சொல்லி வாங்குவதைவிட, விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பது மேல்.

18,000 கிலோமீட்டர் கதையைச் சோதிக்க மீட்டரைப் பார்த்துப் பயனில்லை. டிஜிட்டல் மீட்டரையும் மாற்ற முடியும். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லீவர், பிரேக் பெடல், ஹேண்டில் கிரிப் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இந்த ரப்பர்கள் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் சொல்லும் கணக்கை நம்புவது கஷ்டம்.

டயர் இன்னும் நல்ல சாட்சி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2219 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் தயாரான டயர். 2021 மாடல் வண்டியில் இரண்டு டயர்களும் 2024-ல் தயாரானவை என்றால், கம்பெனி டயர்கள் அதற்குள் தேய்ந்து மாற்றப்பட்டிருக்கின்றன. வெறும் 18,000 கிலோமீட்டரில் முன் டயர்கூட தேய்ந்துவிட்டதா என்று விற்பவரிடமே கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்திருந்தால், ஒவ்வொரு முறையும் குறித்த கிலோமீட்டர் கணக்கு அங்கே இருக்கும். சர்வீஸ் பில்லைக் காட்டச் சொன்னால், உண்மையான ஓனர் சந்தோஷமாகவே காட்டுவார்.

விபத்தில் சிக்கிய வண்டியா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன் ஃபோர்க், ஹேண்டிலுக்குக் கீழே சேஸிஸின் கழுத்துப் பகுதி, ஃபுட்ரெஸ்ட் இணையும் இடம் ஆகியவற்றில் புதிதாக வெல்டிங் அடித்த தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். காலியான நேரான சாலையில் நிதானமான வேகத்தில் ஓட்டி, பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும். டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் பிளேட் போய்விட்டது. டெஸ்ட் ரைடுக்கு முன் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். ஹெல்மெட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சோதனையும் அவசியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர் பக்கம் அதே கதை. தண்ணீரில் மூழ்கிய பைக்குகளைக் கழுவித் துடைத்து விற்றால் மேலோட்டமாக எதுவும் தெரியாது. சீட்டைக் கழற்றி, ஒயர்கள் இணையும் இடத்தைப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். ஹெட்லைட்டுக்கு உள்ளே காய்ந்த சேற்றுத் தடம், மீட்டர் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்தது போன்ற மங்கல், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் வழக்கத்துக்கு மீறிய துரு ஆகியவை அடையாளங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூல் இன்ஜெக்‌ஷனும் சென்ஸார்களும் கொண்டவை. தண்ணீர் புகுந்த சென்ஸார் இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிறுத்தும்.

டேங்கில் கீறல், வளைந்த இண்டிகேட்டர், கிழிந்த சீட் போன்றவற்றைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவை விலை குறைக்க உதவும் நண்பர்கள். நேற்றுதான் முழுக்கப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, தூசு படிந்து நிற்கும் வண்டி நம்பகமானது.

இப்போது கழித்தல் கணக்கு. உதாரண வண்டியில் பின் டயர் மொட்டை: 2,200 ரூபாய். செயின் ஸ்ப்ராக்கெட் செட்: 1,400. பேட்டரி: 1,400. ஃபோர்க் ஆயில் சீல், கூலியுடன்: 700. பிரேக் பேட்: 300. ஆயில் மாற்றி ஒரு ஜெனரல் சர்வீஸ்: 1,000. மொத்தம் 7,000 ரூபாய். மாடலுக்கும் ஊருக்கும் ஏற்ப இந்தத் தொகைகள் மாறும்; தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. நல்ல வண்டி 52,000 என்றால், இந்த வண்டி 45,000 தான். கேட்ட 62,000-ஐக் கொடுத்துவிட்டு 7,000-க்கு வேலையும் பார்த்தால் 69,000 ஆகிறது. இன்னும் 28,000 போட்டால் வாரன்ட்டியோடு புது வண்டியே வந்துவிடும். கடனில் வாங்குபவருக்கு இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். ஏனென்றால், பழைய வண்டிக் கடனுக்குப் பொதுவாகப் புது வண்டிக் கடனைவிட வட்டி கூடுதல்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காத வண்டிகளும் உண்டு. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ் 100-ஐ ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. அது ஆசைக்கான விலை. தினமும் வேலைக்குப் போக வண்டி தேடுபவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே பர்ஸுக்கு நல்லது.

பேப்பர் சரியில்லை என்றால் விலையே இல்லை

வண்டி நன்றாக இருந்து, பேப்பர் சரியில்லை என்றால் அதன் மதிப்பு பூஜ்யம். எம்பரிவாஹன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டால் ஆர்.சி விவரங்கள் வரும். சேஸிஸ் எண் ஹேண்டில் கழுத்துப் பகுதியிலும், இன்ஜின் எண் இன்ஜின் மீதும் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஆர்.சி-யில் உள்ளவற்றோடு எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்.டி.ஓ ஆபீஸில் பதிவு செய்யாத வண்டியென்றால், பெயர் மாற்றும்போது சிக்கல்தான். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது. அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். இருந்தால், விற்பவர் கட்டிய பிறகுதான் பணம்.

ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், டியூ முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். "டியூ எல்லாம் கட்டியாச்சு, பேரை மட்டும் எடுக்கலை" என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து. பாக்கி இருந்தால், வண்டியைத் தூக்க வருபவர்கள் புது ஓனரின் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். கர்நாடகா, புதுச்சேரி பதிவு வண்டிகள் விலை குறைவாகத் தெரியலாம். அவற்றைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்ட வேண்டும். அதையும் கூட்டினால் மலிவு காணாமல் போய்விடும். 12, 13 வயதான வண்டி என்றால், ஆர்.சி 15 ஆண்டுகளுக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது. அதன் பிறகு புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி என்று செலவு காத்திருக்கிறது.

கன்சல்டிங்கில் அடிக்கடி பார்ப்பது, கையெழுத்து மட்டும் போட்டுத் தேதி எழுதாமல் வைத்திருக்கும் படிவம் 29, 30. மூன்று பேர் கை மாறியும் ஆர்.சி-யில் முதல் ஓனர் பெயரே இருக்கும். இது வாங்குபவரைவிட விற்பவரைத்தான் அதிகம் மாட்டிவிடும். வண்டியை விற்றுவிட்டிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் விற்பவர் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் 'நோ க்ளைம் போனஸ்' அவருடனேயே போய்விடும், வண்டியோடு வராது. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர்களும் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

விலை முடிந்ததும் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சாட்சி தானாக இருக்கும். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று காலை அந்த வண்டி எங்காவது இடித்திருந்தால், மாலையில் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டியிராது. பெயர் மாறிய ஆர்.சி கைக்கு வரும்வரை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயை நிறுத்திவைத்துக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளலாம். பேப்பர் சுத்தமாக வைத்திருப்பவர் அதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.