தலையில் வைக்கும் காந்தமும் வீட்டில் செய்யும் பயிற்சியும்



ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். அவருடைய வாப்பா மட்டக்களப்பு வாவியில் வலை வீசிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் பாரிசவாதம் கண்டு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பியிருந்தது, கை திரும்பவில்லை.

"ஹஸரத், தலையில காந்தம் வெச்சுக் கையை எழுப்புறாங்களாம். கட்டார்ல இருந்து மச்சான் வீடியோ அனுப்பியிருக்கார். இது மார்க்கத்துல கூடுமா? கூடுமென்டா, தங்கச்சிக்கு வெச்சிருக்கிற வளவை வித்தாவது வாப்பாவை இந்தியாவுக்குக் கூட்டிப் போகலாமென்டு யோசிக்கிறம்."

முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் ஆர்வமூட்டிய காரியம். இச்சிகிச்சையில் மயக்கும் பொருளோ விலக்கப்பட்ட பொருளோ எதுவும் இல்லை. ஆகவே கூடுமா என்பதல்ல பிரச்சினை. பயன் தருமா என்பதே பிரச்சினை. அதற்கு நான் வைத்தியர்களிடம் கேட்கவும் படிக்கவும் வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். ஏனெனில் இன்று அவர் வீட்டில் எழுந்த கேள்வி, நாளை நம் வீட்டிலும் எழலாம்.

பாதியாகப் பிளக்கும் நோய்

பாரிசவாதத்தை அரபியில் 'ஃபாலிஜ்' என்பர். இரண்டாகப் பிளத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. எவ்வளவு பொருத்தமான பெயர்! மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதி செத்துவிடுகிறது. உடம்பின் மறுபாதி சோர்ந்து விழுகிறது.

செத்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். இந்தக் கற்றல் திறனைத் தூண்டிவிடத்தான் காந்தமும் மின்சாரமும் வருகின்றன.

மீனிலிருந்து காந்தம் வரை

மின்சாரத்தால் மருத்துவம் செய்யும் எண்ணம் புதியதல்ல. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொன்னார். மின்சாரம் பாய்ச்சும் மீனுக்கு அரபியில் 'ரஆத்' என்று பெயர். இடி, நடுக்கம் இரண்டையும் குறிக்கும் வேர் அது. எகிப்துக்குச் சென்ற வைத்தியர் அப்துல் லதீஃப் அல்பக்தாதியும் (1162–1231) தொட்டவரை நடுங்கச் செய்யும் இந்த மீனைப் பற்றி எழுதிவைத்தார்.

இன்றைய கருவி 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தது. அன்தனி பார்க்கர் என்பவரும் தோழர்களும் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாக மின்சாரம் செலுத்தினார்கள். அதிலிருந்து எழுந்த காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தடையின்றிக் கடந்து மூளையில் சிறு மின்சாரத்தை உண்டாக்கியது. யாரும் தொடாமலே மறுபக்கக் கை துடித்தது! கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை.

இன்னொரு முறை இதைவிட எளியது. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, 1 அல்லது 2 மில்லிஅம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். இது தானாகக் கையை அசைக்காது. மூளையின் அப்பகுதியைக் கொஞ்சம் ஆயத்தப்படுத்தும், அவ்வளவுதான். அடுப்பை மூட்டுவதல்ல, விறகைக் காயவைப்பது என்று சொல்லலாம். விறகு காய்ந்தபின் அடுப்பு மூட்டாவிட்டால் சோறு வேகுமா?

ஆய்வு சொல்வது என்ன?

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைக்கும் இரு சகோதரர்களைப் போன்றவை. ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர் கை ஓங்கிவிடுகிறது. ஆகவே நல்ல பக்கத்துக்கு மெதுவான காந்தத் துடிப்புகளைக் கொடுத்து அடக்கினால், நொந்த பக்கம் தலைதூக்கும் என்று எண்ணினார்கள்.

இதை அமெரிக்காவில் 199 நோயாளர்களிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மைக் காந்தம். மறுபிரிவுக்குப் பெயருக்கு மட்டும் கருவி. உண்மைக் காந்தம் பெற்றோரில் 67 சதவீதமானோர் நல்ல முன்னேற்றம் கண்டனர். பெயருக்குக் கருவி வைக்கப்பட்டோரில்? 65 சதவீதம்!

இதைக் கவனமாக வாசியுங்கள். காந்தம் தோற்றது என்பது பாதிச் செய்திதான். கருவி வேலை செய்யாதவர்களிலும் மூன்றில் இருவர் அளவுக்கு முன்னேறினார்கள் என்பதே மீதிச் செய்தி. இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி.

வேறு சில சிறிய ஆய்வுகள் காந்தமும் மின்சாரமும் ஓரளவு பயன் தருவதாகச் சொல்கின்றன. ஆய்வுகள் தொடர்கின்றன, அக்கதவு மூடப்படவில்லை. மனச்சோர்வுக்குக் காந்தச் சிகிச்சை 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் மனநோய்களுக்கு இம்முறைகளைக் கையாள்கிறார்கள். ஆனால் விழுந்த கையை எழுப்ப வளவை விற்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் வரவில்லை.

நடுக்குவாதத்தில்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த நடுக்குவாதத்திலும் இதே நிலைதான். அந்நோயில் மூளையில் டோப்பமின் சுரக்கும் கலங்கள் குறைந்துபோகின்றன. காந்தத் தூண்டல் சிலருக்கு அசைவின் மந்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நோயை நிறுத்தாது, லெவோடோப்பா மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. மண்டையைத் துளைத்து மூளைக்குள் கம்பி பதிக்கும் சத்திரசிகிச்சை வேறு. இரண்டையும் ஒன்றென்று குழம்பாதீர்கள்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்வது இந்நோயாளர்களின் பெரும் துன்பம். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பலருக்குக் கால் எழும்பும். பள்ளிவாசல் வாசலில் நின்றுவிடும் ஒரு பெரியவர், உள்ளே ஸஃப்புக் கோடுகளைக் கண்டதும் ஒவ்வொன்றாகத் தாண்டி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதுபோன்ற கோடுகளை வீட்டிலும் ஒட்டலாமே! இன்னொன்று: நோன்பு வந்துவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம், அது ஆபத்தானது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

அன்பே தடையாகலாமா?

மாணவரின் வீட்டுக்குப் போனேன். மகள்மார் வாப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டினார்கள், சட்டை போட்டுவிட்டார்கள். வலது கையால் உண்ண முடியாத வெட்கத்தில் அவர் கலியாண வீடுகளில் சஹனுக்கு உட்காருவதையே விட்டிருந்தார். இயலாதவர் இடது கையால் உண்பதில் குற்றமில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு வைத்தியர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன்: வேலை கொடுக்காத கையை மூளை மறந்துவிடுகிறது.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 222 நோயாளர்கள் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினரின் நல்ல கைக்கு உறைபோட்டு, நொந்த கையாலேயே இரு வாரங்கள் பழகவைத்தார்கள். அந்தப் பிரிவினரே கூடுதலாக முன்னேறினர். விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைபவர்களுக்கே இது பொருந்தும். எப்பயிற்சி, எவ்வளவு என்பதை இயன்மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

காந்தச் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால், நரம்பியல் வைத்தியரிடம் கேளுங்கள். தலைக்குள் உலோகக் கிளிப், இதயத்தில் பேஸ்மேக்கர், வலிப்பு நோய் உள்ளவர்கள் இவற்றை அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட்டரியை வைத்து வீட்டில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்க்க நேரம் போக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பயன்படும்.

வளவு விற்கப்படவில்லை. அந்த வாப்பா இப்போது திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையை வலது கையால் பிடித்துப் பழகுகிறார். இன்னும் வாவிக்குப் போக முடியவில்லை. ஆறிய பிளேன்டீயை வலது கையால் எடுக்கிறார். இரண்டு தடவைக்கு ஒரு தடவை சிந்துகிறது. மகள்மார் துடைக்கிறார்கள், கோப்பையை வாங்கிக்கொள்வதில்லை.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தருவானாக!